ஏழு மீட்டர் அக்கா

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. எங்கள் வட்டாரம் முழுக்க அவர் ஏழு மீட்டர் அக்காதான். நேரில் மேடம் என்கிற அறுபது வயதுக்காரர்கள்கூட, அந்தப் பக்கம் போனால் அக்கா என்றுதான் சொல்வார்கள். அதில் மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஏழு மீட்டர் என்பது அரசாங்கம் போட்ட கணக்கு. ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள், விருப்பப்பட்டால், கரையிலிருந்து ஏழு மீட்டர் அகலத்துக்கு நிலத்தை விட்டுவிடலாம். அங்கே உழக் கூடாது, உரம் போடக் கூடாது, கால்நடை மேயக் கூடாது. புல்லும் மரமும் வளர வேண்டும். அப்படி விட்டால் மழைக்கு வயல் மண் கரைந்து ஆற்றில் போய்ச் சேராது. ஆறு கலங்காமல் இருக்கும், மீன் பிழைக்கும். அதற்கு ஈடாக வருடத்துக்கு ஒரு முறை மானியம் வரும். விட்ட இடம் உண்மையிலேயே ஏழு மீட்டர்தானா என்று அளந்து கையெழுத்துப் போடுவது அக்காவின் வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் மானியம் நகராது.

நான் அதே அலுவலகத்தில் தபால் பார்ப்பவன். அக்காவுக்குப் பக்கத்து மேசை. எங்கள் அலுவலகம் விதைக் கிடங்குக்கு மேல்மாடி. மொத்தமே இரண்டு அறை. கீழே மூட்டை இறக்கினால் பலகை இடுக்கு வழியாகத் தூசி மேலே வரும். உள்ளறையில் அதிகாரி தும்முவார். லாரி வந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். அக்காவின் மேசையில் கோப்புகள் குறைவு. மேசைக்கடியில்தான் சாமான் அதிகம்: முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ், சிவப்பு வெள்ளை வரிபோட்ட கழிகள், ஐம்பது மீட்டர் நீளமுள்ள மஞ்சள் டேப் ஒன்று. செயற்கைக்கோள் பார்த்து இடம் சொல்லும் கருவி ஒன்றையும் தலைமை அலுவலகம் கொடுத்திருந்தது. முதல் நாளே அது அக்கா ஆற்றுக்கு நடுவில் நிற்பதாகக் காட்டியது. அப்போது அவர் ஒரு விவசாயி வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அன்றோடு அந்தக் கருவி அலமாரிக்குள் போய்விட்டது.

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தப் பயிற்சிப் பள்ளி, இரண்டு கார். மனைவி என்றும் பாராமல் இரண்டு முறை பெயிலாக்கி, மூன்றாவது முறைதான் சோதனைக்கே அனுப்பினார். "வீட்டுல சமையலுக்கு மார்க் போட்டேன்னா இந்த மனுஷன் தாங்குவாரா?" என்று அக்கா எங்களிடம் கேட்பார். ஆனால் அரசாங்க ஜீப்பை வயல் வரப்பில் பின்பக்கமாக ஓட்டி வெளியே எடுக்க எங்கள் மாவட்டத்தில் அவரை விட்டால் ஆளில்லை. பெயில் போட்டது வீண் போகவில்லை.

திட்டம் வந்த முதல் வருடம் ஒன்பது பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்கு இது ஏதோ ஏமாற்று வேலை என்று சந்தேகம். நிலத்தைச் சும்மா போடுவதற்குப் பணம் தருவதாவது! ஒரு சோளக்காட்டுக்காரர் அக்காவை நிற்கவைத்துக் கேட்டார்:

"சும்மா இருக்கிறதுக்கு கவர்மெண்ட் காசு குடுக்குதா மேடம்? அப்ப எம் மச்சான் பொறந்ததுலேருந்து சும்மாதான் இருக்கான். அவனுக்கும் ஒரு படிவம் குடுங்க."

"மச்சான் மேல புல்லு மொளைச்சா சொல்லுங்க, நானே வந்து அளக்கறேன்" என்றார் அக்கா.

அந்த ஒரு பதிலுக்காகவே அவர் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வார்கள். ஐந்தாறு வருடத்தில் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது. ஆட்கள் கூடக்கூட, தில்லுமுல்லும் கூடியது. ஒருவர் ஜீப் வரும் பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் மட்டும் புல் வளர்த்தார். இன்னொருவர் அக்கா நட்டுவிட்டுப் போன கழியை இரண்டு மீட்டர் தள்ளி நட்டார். வேறொருவரின் ஆடு புதருக்குள் கழுத்துவரை நுழைந்திருந்தது. "மேயலைங்க மேடம், நிழலுக்கு நிக்குது" என்றார் ஆட்டுக்காரர். "அப்ப வாயில என்ன, சூயிங்கமா?" என்று கேட்டுவிட்டு அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். அதட்டலும் கிடையாது, மிரட்டலும் கிடையாது. சிரித்துக்கொண்டே எழுதுவார். எழுதியதை மாற்ற மாட்டார்.

இனி ஆறு நகர்ந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆற்றின் மேற்குப் பக்கம் அண்ணன் நிலம், கிழக்குப் பக்கம் தம்பி நிலம். ஊரில் பெரியவர், சின்னவர் என்றால் தெரியும். பெரியவர் உருளைக்கிழங்கு போடுகிறார். சின்னவர் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். பதினோரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்றை யார் ரிப்பேருக்கு அனுப்புவது என்பதில் தொடங்கிய சண்டை. மோட்டார் துருப்பிடித்து, பழைய இரும்புக்குப் போய், அந்த இரும்பும் இந்நேரம் வேறு ஏதாவதாக மாறியிருக்கும். சண்டை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு நாய் உண்டு. காலையில் அங்கே சாப்பிடும், மாலையில் இங்கே. அதற்கு இரண்டு பெயர்; எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரும்.

இரண்டு பேருமே திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். பெரியவரின் நிலம் ஓரிடத்தில் நாக்கு மாதிரி கிழக்கே நீண்டிருந்தது. ஆறு அந்த நாக்கைச் சுற்றி வளைந்து ஓடியது. அந்த வளைவு நெடுக அவர் இருநூற்று நாற்பது மரக்கன்றுகள் நட்டு, இரண்டு வருடம் தண்ணீர் விட்டு, இடுப்பளவுக்கு வளர்த்திருந்தார். அக்காவின் பட்டியலில் அவர்தான் முதல் மாணவர் மாதிரி. அளக்கப் போனால் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார்.

அந்த வருடம் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தபோது ஆறு வளைந்து போகிற சிரமத்தை விட்டுவிட்டு, நாக்கின் அடிப்பகுதியை அறுத்துக்கொண்டு நேராக ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு இப்போது சின்னவர் பக்கம். பழைய ஆற்றுத்தடம் வெறும் சேறு. அந்தச் சேற்றைக் கடப்பது சின்னவரின் மாடுகளுக்கு ஒரு பெரிய காரியமாகப் படவில்லை. இளங்கன்றின் இலை அவற்றுக்குப் பிடித்தும் போயிற்று.

மறுநாள் காலை பெரியவர் மாடி ஏறி வந்தார். "எம்புள்ளை மாதிரி வளர்த்த கன்னு, அவன் மாடு மேயுது! நீங்கள்லாம் எதுக்கு இருக்கீங்க?" என்று கத்திவிட்டுப் போனார். மதியம் சின்னவர் வந்தார். அவர் கத்தவில்லை. "நானா ஆத்தை நகத்தினேன்? அதுவா வந்துச்சு. என் பக்கம் வந்த நெலம் என் நெலம்தானே மேடம்?" என்றார்.

அக்கா ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தார். பெரியவருக்கு இப்போது ஆறு இருந்தது, கரையில் புல் இல்லை. உருளைக்கிழங்குப் பாத்தி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. சின்னவருக்குப் புல் இருந்தது, ஆறு இல்லை. அவர் விட்டுவைத்த ஏழு மீட்டர் சேற்றுப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டப்படி இரண்டு பேருக்கும் மானியம் கிடையாது.

அதிகாரி படத்தைப் பார்த்ததும் தும்மினார். "ரெண்டு பேரையும் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. வேலை முடிஞ்சுது."

"எப்படி சார் எடுக்கிறது? அவங்க ஒரு தப்பும் பண்ணலையே. ஆறுதானே நகர்ந்துச்சு?"

"ஆத்து மேல நடவடிக்கை எடுக்க முடியுமா?"

அக்கா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் பொதுவாக அதைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கத்தான் பயன்படுத்துவார். நாலு மணிக்கு மேசையைத் தட்டினார். முப்பத்தோராம் பக்கத்தில், வெள்ளத்தால் ஆறு இடம் மாறினால், அடுத்தடுத்த நில உரிமையாளர்கள் கூட்டாக விண்ணப்பித்து இரண்டு நிலத்தையும் ஒன்றாகக் காட்டலாம் என்று ஒரு பத்தி இருந்தது. புதிதாக அளக்க வேண்டும். இரண்டு உரிமையாளர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரே தாள்லயா? அவங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கிறதே அதிசயம்" என்றேன் நான்.

"மொதல்ல அளப்போம்" என்றார் அக்கா.

அளக்கப் போன அன்று நான் உடன் இல்லை. ஆனால் அங்கே இருந்த மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். மூன்று கதையும் மூன்று விதம். அக்கா தண்ணீரில் விழுந்தார் என்பதில் மட்டும் மூன்றும் ஒத்துப்போகின்றன.

கழி பிடிக்கிற உதவியாளருக்கு அன்று காலில் சுளுக்கு. அதனால் அக்கா இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பத்து மணிக்கு அவரவர் கரைக்கு வரச் சொல்லியிருந்தார். இன்னொருவரும் வருகிறார் என்பதைச் சொல்லவில்லை. வந்து பார்த்ததும் பெரியவர் திரும்பி நின்றார். சின்னவர் ஆகாயத்தைப் பார்த்தார். அக்கா இரண்டு பேர் கையிலும் டேப்பின் ஒவ்வொரு நுனியைக் கொடுத்துவிட்டார். அரசாங்கச் சொத்தைக் கையில் வாங்கிய பிறகு கீழே போட இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

ஆற்றின் நடுவே ஒரு மரக்கிளை சிக்கிக்கிடந்தது. டேப் அதில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட அக்கா இறங்கினார்.

"அந்தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லும்மா" என்றார் பெரியவர்.

"அவருக்கே கேக்குது. நீங்களே சொல்லலாம்."

"தூக்கித்தான் பிடிச்சிருக்கேன்னு சொல்லுங்க மேடம்" என்றார் சின்னவர்.

"அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்."

அந்த நேரம் பார்த்து காலடியில் ஒரு கல் உருண்டது. அக்கா தலைவரை மூழ்கினார். ஒரு கை மட்டும் டேப்பைப் பிடித்தபடி வெளியே தெரிந்தது.

"டேய், விட்டுடாதடா!" என்று கத்தினார் பெரியவர். பதினோரு வருடத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"விடலண்ணே! நீ இழுக்காத, நான் இழுக்கறேன்!"

"நீ எதுக்குடா இழுக்கிற? இந்தப் பக்கம்தான் மேடு!"

இரண்டு பேரும் இழுத்தார்கள். டேப் விறைத்து, கொடியில் காயப் போட்ட துணி மாதிரி அக்கா நடுவில் தொங்கினார். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "ரெண்டு பேரும் இழுத்தா நான் எங்கய்யா போறது? யாராவது ஒருத்தர் விடுங்க!" என்று கூவினார். யாரும் விடவில்லை. தான் ஏன் விட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கும். கடைசியில் அக்காவே காலை ஊன்றி எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

அந்த நொடியிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு என்றால் சண்டைதான். "நீ இழுத்ததாலதான்டா அவங்க எந்திரிக்க முடியல!" "நீ விட்டிருந்தா அப்பவே கரை சேர்ந்திருப்பாங்க!" சொட்டச் சொட்ட நனைந்த அக்கா இரண்டு கரையையும் அளந்து, நோட்டை ஜீப்பில் காயவைத்து, கிளம்பிப் போகும்வரை அது ஓயவில்லை. அக்காவுக்குப் பத்து நாள் ஜலதோஷம்.

"முன்னாடி என் வழியா திட்டிக்கிட்டாங்க, இப்ப நேராவே திட்டிக்கறாங்க. பாதி வேலை குறைஞ்சுது" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மீதிப் பாதி, கையெழுத்து. அதில் யார் பெயர் முதலில் வருவது என்ற கேள்வி எழுந்தது. நான் மூத்தவன் என்றார் பெரியவர். நிலம் இப்போது என் பக்கம் என்றார் சின்னவர். அக்கா இரண்டு தாள் அடித்து, ஒன்றில் இவர் பெயரும் மற்றதில் அவர் பெயரும் முதலில் வருகிற மாதிரி அனுப்பிப் பார்த்தார். ஒரே தாள்தான் செல்லும் என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. இப்படியே மூன்று வாரம் ஓடியது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு ஒரு வாரமே பாக்கி.

கூட்டு விண்ணப்பத்தோடு நிலப் பத்திரத்தின் நகலும் வைக்க வேண்டும். அதை வாங்க அக்கா பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் மேசை மேல் இரண்டு நகலையும் போட்டார். நான் படித்தேன். இரண்டு நிலத்துக்கும் உரிமையாளர்கள் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவர்களுடைய மனைவிகள். தன் மகன்களின் குணம் தெரிந்த மாமனார், பாகம் பிரிக்கும்போதே நிலத்தை மருமகள்கள் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். உழுவது ஆண்கள் என்பதால் அண்ணனும் தம்பியும் தங்களுடையது என்றே பேசிப் பேசிப் பழகிவிட்டார்கள். பழைய படிவத்தில் விவசாயி கையெழுத்து என்று மட்டும் இருந்ததால் எங்களுக்கும் தெரியவில்லை.

அக்கா பெரியவர் வீட்டுக்குப் போன் போட்டு, அவர் மனைவியைக் கூப்பிடச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலை ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். சேர்ந்து சிரித்தபடி மாடி ஏறினார்கள். மூத்தவர் கையெழுத்துப் போட்டார், பேனாவை இளையவரிடம் நீட்டினார், இளையவர் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசிப்பீங்களா?"

"தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு. அவங்க சாப்பிட்டுப் படுத்ததும் போன்ல" என்றார் மூத்தவர்.

"பதினோரு வருஷமாவா?"

"சண்டை அவங்களுக்குள்ள தானேங்க. எங்களுக்கு என்ன?"

"இந்த நெலம் உங்க பேர்ல இருக்குன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஆத்துல விழுந்து எந்திரிச்சேனே!"

இளையவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "நீங்க கேக்கவே இல்லையேக்கா. எப்பவும் அவரைத்தானே கூப்பிட்டுப் பேசினீங்க."

அவர்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் அவரைச் சுருக்கென்று குத்திவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "சரியாத்தான் சொல்லிட்டுப் போகுது அந்தப் பொண்ணு. நானும் ஒரு பொம்பளைதானே? ஒரு நாளாவது வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்து, நிலம் யாருதுன்னு கேட்டிருக்கேனா?" என்றார்.

அந்த வருட மானியம் வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்குப் பாத்தி ஏழு மீட்டர் பின்வாங்கியது. கன்றுகளில் நூற்றுத் தொண்ணூறு பிழைத்தன. மாடு போகாமல் இருக்க அண்ணனும் தம்பியும் வேலி போட்டார்கள். கம்பி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டே போட்டார்கள். இப்போதும் அவர்கள் சண்டை போடாத நாள் அபூர்வம். ஆனால் பெரியவருக்கு முதுகுவலி வந்து படுத்தபோது இருபது நாள் கிழங்கு தோண்டியது சின்னவர்தான். அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேருமே பேச்சை மாற்றுவார்கள்.

அக்கா விடவில்லை. சனி ஞாயிறு பார்க்காமல் தன் கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொரு நிலத்தின் பத்திரத்தையும் வரவழைத்துப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்து நான்கு பேருடைய நிலம் மனைவி, தாய், அக்கா, தங்கை யாராவது ஒருவர் பெயரில் இருந்தது. மானியம் மட்டும் ஆண்கள் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அவர் எழுதிய ஒன்பது கடிதத்துக்கும் தபால் எண் போட்டது நான்தான். ஒன்றரை வருடம் கழித்துப் படிவம் மாறி வந்தது. முதல் வரியிலேயே, நில உரிமையாளர் பெயர், பத்திரத்தில் உள்ளபடி, என்று ஒரு கட்டம்.

வட்டாரத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மச்சானுக்குப் படிவம் கேட்ட சோளக்காட்டுக்காரரே ஆறு மாதம் அக்காவைப் பார்த்தால் ரோட்டைக் கடந்து போனார். அவர் நிலம் தங்கை பெயரில் இருந்தது. ஒரு நாள் ஜீப்பின் நாலு சக்கரத்திலும் காற்று இல்லை. அக்காவின் கணவர் பம்போடு வந்து, நாலுக்கும் அடித்துவிட்டு, "பின்பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்கு, மாத்தச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் இப்போது அளக்கப் போனால் வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கரைக்கு வருகிறார்கள். டேப்பின் நுனியைப் பிடிக்கிறார்கள். எது முளைத்திருக்கிறது, எது கருகிவிட்டது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரிகிறது என்பது அக்காவின் கட்சி. இந்த வருடப் பட்டியலில் நூற்று அறுபத்தேழு பேர்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா கீழே ஜீப்பைக் கிளப்புகிற சத்தம் கேட்கிறது. ஆற்றோரம் ஒரு அம்மா முந்நூறு வாத்து வளர்க்கிறார். கரையில் கால்நடை மேயக் கூடாது என்கிறது சட்டம். வாத்து கால்நடையா என்று முப்பத்தோராம் பக்கத்திலும் இல்லை, வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. தலைமை அலுவலகத்தைக் கேட்டோம்; பரிசீலனையில் உள்ளது என்றார்கள். வாத்துக்கார அம்மா அக்காவிடம் நேற்று போனில் சொன்ன வாதம் இது: "அதுங்க கரையில எங்கக்கா நடக்குது? எறங்கி நேரா தண்ணிக்குத்தானே போகுது!"

எத்தனை வாத்து நடக்கிறது, எத்தனை நீந்துகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு அக்கா கிளம்பியிருக்கிறார்.